தேய்மானக் கணக்கு

எங்கள் தெருமுனைப் புங்க மரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவருக்கு ராணிப்பேட்டைப் பக்கம் சொந்த ஊர். பெங்களூரு அல்சூருக்கு வந்து முப்பது வருடம் ஆகிவிட்டது. இருபத்திரண்டு வருடமாக எங்கள் வீட்டுத் துணி அவரிடம்தான் போகிறது. 2022 கார்த்திகையில், மழை விட்டிருந்த ஒரு காலையில், மூட்டையை வண்டி மேல் வைத்தேன். அவர் கரிப்பெட்டியை விசிறிக்கொண்டே, மூட்டையைத் தொடாமல் சொன்னார்: “பிரிக்காமலே சொல்லிடுவேன்மா. கட்டம் ஒண்ணு, நீலம் ரெண்டு, பாக்குக் கலர் குர்த்தா ஒண்ணு. வாராவாரம் இதேதான் வருது. வேற துணி எடுத்துக்கக் கூடாதாம்மா?”

என் மீதுள்ள அக்கறையில் கேட்ட கேள்வி அது. இவ்வளவு வருடம் வங்கியில் வேலை பார்த்தும் இந்த அம்மாவுக்கு நாலு துணிதான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். வீட்டில் இரண்டு அலமாரிகள் நிறைந்து, கதவைத் தோளால் அழுத்திச் சாத்த வேண்டிய நிலையில் இருப்பது அவருக்குத் தெரியாது. தெரிய வழியுமில்லை, அலமாரிக்குள் கிடப்பது அவர் வண்டிக்கு வந்ததே இல்லை.

அன்று முழுவதும் அந்தக் கேள்வி என்னோடு இருந்தது. ஒருவர் என்ன உடுத்துகிறார் என்பதை அவரைவிட அவருடைய இஸ்திரிக்காரர் நன்றாக அறிவார் என்று அன்றுதான் எனக்குப் பட்டது. சூடான பெட்டி துணியின் ஒவ்வொரு அங்குலத்தின் மேலும் போகிறது. எந்த ஓரம் பிரிகிறது, எந்த இடம் மெலிந்துவிட்டது, எங்கே ஊக்கு குத்திக் குத்தி ஓட்டை விழுந்திருக்கிறது என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரியும். ஆசைப்பட்டு வாங்கிய என்னை அலமாரி அறியும். வாழ்ந்துகொண்டிருக்கும் என்னை அந்த வண்டி அறிந்திருந்தது. இருவரும் ஒரே ஆளாக இல்லை என்பதுதான் என்னை உறுத்தியது.

பத்திரிகைகளிலும் கைப்பேசித் திரையிலும் ‘உங்கள் ஸ்டைல் எது என்று கண்டுபிடியுங்கள்’ என்று ஓயாமல் சொல்கிறார்கள். உங்கள் நிறம் எது, உடல்வாகு எது, நீங்கள் எந்த வகை என்று கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு கடையின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். சூழலுக்கு உகந்த உடை என்ற பேச்சும் இப்போது பெரும்பாலும் அதே வாசலில்தான் முடிகிறது. பழையதைக் கழித்துவிட்டு மூங்கில் நாரும் ஆர்கானிக் பருத்தியும் வாங்கச் சொல்கிறார்கள். அலமாரி நிறைந்திருப்பதுதான் நோய் என்றால், இன்னும் ஒரு மூட்டையை உள்ளே அனுப்புவது எப்படி மருந்தாகும்?

இதை வேறு விதமாக யோசித்த இரண்டு பெண்கள் இந்த ஊரிலேயே இருந்தார்கள். 2015 மார்ச்சில் பெங்களூருவைச் சேர்ந்த அஞ்சு மௌத்கல் கதமும் ஆலி மத்தனும் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் நூறு முறை புடவை கட்டுவது, கட்டிய ஒவ்வொன்றின் கதையையும் படத்தோடு சொல்வது. அவ்வளவுதான். ‘நூறு புடவை ஒப்பந்தம்’ என்ற பெயரில் அது முகநூல் வழியாக நாடு முழுவதும் பரவி, வெளிநாட்டில் இருந்த பெண்களையும் இழுத்துக்கொண்டது. பத்து மாதத்தில் நூறு என்றால் வாரத்துக்கு இரண்டு மூன்று. அலமாரியின் மேல்தட்டில் மடிப்பு உடையாமல் கிடந்த புடவைகள் அந்த வருடம் நிறைய வெளியே வந்தன. ஆலி மத்தன் பிறகு புடவைகளின் நெசவு வரலாற்றைச் சேகரித்துக் காட்சிக்கு வைக்கும் ‘தி ரெஜிஸ்ட்ரி ஆஃப் சாரீஸ்’ என்ற அமைப்பையும் இங்கேயே தொடங்கினார்.

அப்போது நான் அதில் சேரவில்லை. புடவை கட்டுவது எனக்குப் புதிதல்ல, தினமும் கட்டுவதுதானே என்று இருந்துவிட்டேன். ஆனால் மதிய உணவு வேளையில் எங்கள் கிளையில் அதுவே பேச்சாக இருந்தது. நான் படித்த கதைகள் பெரும்பாலும் புடவையின் விலையைச் சொல்லவில்லை. முதல் சம்பளம், அம்மாவின் மறைவு, மகளின் பள்ளிவிழா, உடன்பிறந்தவளோடு போட்ட சண்டை என்றுதான் இருந்தன. நூறு நிறைய வேண்டும் என்பதற்காகவே புதிதாக வாங்கியவர்களும் உண்டு. எங்கள் அலுவலகத்திலேயே பார்த்தேன். ஒப்பந்தத்தின் உயிர் அதன் எண்ணிக்கையில் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அது கெடுவில் இருந்தது. ஒரு காலத்துக்குள் என்று தன்னைத் தானே கட்டிப்போட்டுக்கொண்டு, அந்தக் காலம் முழுவதும் தன்னைக் கவனிப்பதில் இருந்தது.

கெடு வைத்துக்கொள்வது நமக்குத் தெரிந்த வழிதான். மார்கழியில் முப்பது நாள், ஐப்பசியில் ஆறு நாள், சபரிமலைக்கு ஒரு மண்டலம் என்று நோன்பெல்லாம் கெடுதான். தமிழ்நாட்டில் நடந்த மிகப் புகழ்பெற்ற உடை மாற்றமும் கெடுவாகத்தான் தொடங்கியது. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதி வீட்டு மாடியில் காந்தி தொப்பியையும் மேல்சட்டையையும் விட்டு, முழங்கால் அளவுத் துணிக்கு மாறினார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. அக்டோபர் 31 வரையிலாவது இப்படி இருப்பேன் என்றுதான் அவர் அப்போது அறிவித்தார். ஆறு வாரம்கூட இல்லாத கெடு. லண்டனில் சூட்டும் உயரத் தொப்பியும், நாடு திரும்பியபின் கத்தியவார் தலைப்பாகையும் அங்கியும் என்று எத்தனையோ உடைகளைக் கடந்து வந்த மனிதருக்குக் கடைசியில் நிலைத்தது, தற்காலிகம் என்று சொல்லித் தொடங்கியதுதான். சென்னையிலிருந்து மதுரைக்குப் போன ரயிலில், கதர் வாங்க எங்களுக்கு வசதியில்லை என்று சக பயணிகள் அவரிடம் தலையை ஆட்டிச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பதிலுக்குப் பிறகுதான் அவர் தன் உடலிலிருந்து துணியைக் குறைத்தார். அந்த ரயில் பேச்சுக்கு மறுபடியும் வருவேன்.

2023 பொங்கலன்று நான் ஒரு கெடு வைத்துக்கொண்டேன். அடுத்த பொங்கல் வரை துணி வாங்குவதில்லை. வெளியே கட்டிக்கொண்டு போவதை அன்றன்றைக்கு ஒரு நோட்டில் குறிப்பது. பால்கணக்கு எழுதும் நீள நோட்டு ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில் இருப்பு எழுதினேன். புடவை 64. குர்த்தா, சுடிதார் 41. ஸ்வெட்டரையும் சால்வையையும் கணக்கில் சேர்க்கவில்லை. 105 உருப்படிகள். என் பாட்டியிடம் எந்தக் காலத்திலும் எட்டுப் புடவைக்கு மேல் இருந்ததில்லை. தாத்தா பின்னி ஆலையில் வேலை பார்த்தவர். அவருக்கு இரண்டு அரைக்கால் சட்டை, மூன்று மேல்சட்டை, கல்யாணம் காட்சிக்கு ஒரு வேட்டி. ஆலை கொடுத்த கம்பளி ஒன்றும் இருந்தது. அவர் போன பிறகும் அது எங்கள் வீட்டில் வெகுகாலம் இருந்தது.

வருடம் முடிந்து கூட்டிப் பார்த்தபோது 365 நாளில் 260 நாள் வெறும் 13 உருப்படிகளுக்குப் போயிருந்தது. 44 உருப்படிகள் மீதி 105 நாளைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. 48 உருப்படிகளுக்கு எதிரே ஒரு கோடுகூட இல்லை.

அந்தப் பதிமூன்றையும் கட்டிலின் மேல் வரிசையாக விரித்து வைத்தேன். அப்படி ஒன்றாக அவற்றைப் பார்த்தது அதுதான் முதல் முறை. செங்கல் நிறம், அரக்கு, கறுப்பு, அவுரி நீலம், கடுகு மஞ்சள். ஒன்றில்கூடப் பூ இல்லை; எல்லாம் கட்டம் அல்லது கோடு. கரை இரண்டு விரல் அகலத்துக்கு மேல் கிடையாது. நூல் கொஞ்சம் கனம். காலையில் வைத்த கொசுவம் மாலை ஆறு மணிக்கும் கலையாத கனம். குர்த்தாவென்றால் முழங்கை மூடிய கை, பக்கத்தில் பை. காரைக்குடிக் கண்டாங்கி ஒன்று, இலகல் ஒன்று, நெகமம் இரண்டு இருந்தன. இலகல் புடவையில் உடலுக்கு ஒரு பாவு, முந்தானைக்கு வேறு பாவு. தறியிலேயே இரண்டையும் கண்ணி கண்ணியாகக் கோத்து இணைக்கிறார்கள். என் புடவையில் அந்த இணைப்பு பதினாறு வருடமாக அசையவில்லை.

என் பாணி அங்கே கட்டிலில் கிடந்தது. நான் தேர்ந்தெடுத்ததென்று அதைச் சொல்ல முடியாது. முப்பது வருட நடையும் பேருந்தும் கவுன்டரும் சேர்ந்து, தனக்குப் பொருந்தியதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளியிருந்தன. தேய்ந்த இடங்களைப் பார்த்தாலே அது தெரியும். புடவைகளில் இடது தோள். அங்கேதான் கைப்பை வாரும் ஊக்கும். குர்த்தாக்களில் வலது முழங்கை, மேசை விளிம்பு. கீழே குதிகால் படும் ஓரத்தில் ஃபால்ஸ் இரண்டு முறை மாற்றப்பட்டிருந்தது. வேறொருத்திக்கு வேறு இடம் தேயும். குழந்தை சுமப்பவளுக்கு இடுப்பு, அடுப்படியில் நிற்பவளுக்கு முந்தானை நுனி.

இந்த ஊரின் பங்கும் அதில் உண்டு. கடல்மட்டத்திலிருந்து மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கிறோம். சித்திரை வைகாசியை விட்டால் சென்னையின் வெயில் இங்கே இல்லை. ஆடியில் மூன்று நாளானாலும் கொடியில் துணி காய்வதில்லை. கஞ்சி போட்டது புளித்த வாடை அடிக்கும். ஆனாலும் சென்னைக்குப் போகும்போதெல்லாம் அங்கே எல்லோரும் கட்டுகிறார்கள் என்று மல்மல் போன்ற மெல்லிய பருத்தியை வாங்கி வந்திருக்கிறேன். அவை இங்கே டிசம்பர்க் காற்றில் ஒட்டவுமில்லை, ஸ்வெட்டருக்கு அடியில் நிற்கவுமில்லை. கோடு விழாத நாற்பத்தெட்டில் ஏழு அப்படிப்பட்டவை. உடையில் ஊரைத் தப்பாகக் கணக்கிட்டால் அது அப்படியே அலமாரியில் போய்ச் சேர்கிறது.

மீதியை ஏன் வாங்கினேன் என்று பக்கத்தில் எழுத முயன்றேன். கமர்ஷியல் தெருவில் லேபிளை வெட்டிவிட்டு ஏற்றுமதி மிச்சம் என்று குவித்து வைத்திருப்பார்களே, அங்கே மலிவாகக் கிடைத்தவை பதினைந்து. 450 ரூபாய்க்கு வாங்கி மூன்று முறை போட்ட மேல்சட்டை ஒரு முறைக்கு 150 ரூபாய் ஆகிறது. 3,200 ரூபாய்க்கு வாங்கி 160 முறையாவது கட்டியிருக்கும் கண்டாங்கி முறைக்கு 20 ரூபாய். வட்டிக் கணக்கு பார்த்தே காலம் கழித்த எனக்கு இந்த எளிய வகுத்தலைப் போட்டுப் பார்க்க இவ்வளவு வருடம் ஆனது. ஏழு யாரோ கட்டி நன்றாக இருந்தது என்று வாங்கியவை.

பத்தொன்பது புடவைகள் நான் வாங்கவே இல்லை. அவை வைத்துக் கொடுத்தவை. கல்யாணம், கிரகப்பிரவேசம், அறுபதாம் கல்யாணம் என்று போகும் இடத்தில் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வரும் புடவைகள். வாங்குகிறவளுக்கு எது பிடிக்கும் என்று யாரும் பார்ப்பதில்லை. பாலிதீன் உறை பிரியாமல் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். இந்த வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வந்தவளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்ற எண்ணம் நல்ல எண்ணம். என் தங்கையும் நானும் பேசி, எங்கள் இரண்டு வீட்டிலும் இனி வைத்துக் கொடுப்பது ஈரோட்டுத் துண்டு என்று முடிவு செய்தோம். துண்டு எந்த வீட்டிலும் மூன்றாம் நாள் கொடியில் தொங்கும்.

பருத்தி, கைத்தறி, இயற்கைச் சாயம் என்று பேசிக்கொண்டே போவது எனக்கு எளிது. அந்தப் பேச்சைத் திருத்தியது ஒரு பேருந்துப் பயணம். என் கிளை ஓசூர் சாலைப் பக்கம். பொம்மனஹள்ளியில் கார்மென்ட்ஸ் விடும் நேரத்தில் ஏறினால் உட்கார இடம் கிடைக்காது. 2023 ஜூனில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்த பிறகு இன்னும் கூட்டம். ஒரு மாலை என் பக்கத்தில் உட்கார்ந்தவள் கிருஷ்ணகிரி மாவட்டக்காரி, நாற்பது வயது இருக்கும். என் ரவிக்கைக் கையைத் தொட்டுப் பார்த்து, “கை நல்லா ஏத்தியிருக்காங்கக்கா. நான் ஸ்லீவ் அட்டாச்தான். ஒம்போது வருஷமா அது ஒண்ணுதான் பண்றேன்” என்றாள். ஒரு சட்டை லைனில் எத்தனை கை மாறும் என்று கேட்டேன். கட்டிங் தனி, காலர் தனி, கஃப் தனி, பாக்கெட், தோள், கை, பக்கத் தையல், பட்டன், நூல் வெட்டுவது, செக்கிங், இஸ்திரி என்று விரல் மடக்கிக்கொண்டே போனாள். முழுச் சட்டையை ஒருவரும் தைப்பதில்லை. மணிக்கு இத்தனை என்று ப்ரொடக்ஷன் கொடுக்க வேண்டும். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டியிருக்கும் என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டதாகச் சொன்னாள்.

அவள் கட்டியிருந்தது பாலியெஸ்டர் புடவை. நீலத்தில் சிறு வெள்ளைப் பூ. “ஆறு வருஷம் ஆச்சுக்கா. நைட்டு அலசிப் போட்டா காலையில காஞ்சிரும். அயர்ன் வேணாம், கஞ்சி வேணாம். காட்டன் கட்டுனா அதுக்கு யாருக்கா டைம் இருக்கு, தண்ணி எங்க இருக்கு?” என்றாள். மூன்று புடவைகளை மாற்றி மாற்றி வேலைக்குக் கட்டுவதாகவும் சொன்னாள்.

1921இல் மதுரைக்குப் போன ரயிலில் சொல்லப்பட்ட பதில்தான் இது. நூறு வருடம் கழித்தும் அது பழசாகவில்லை. பாலியெஸ்டர் கச்சா எண்ணெயிலிருந்து வருவது, ஒவ்வொரு சலவையிலும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகளைத் தண்ணீரில் விடுவது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆறு வருடத்தில் பல நூறு முறை கட்டிய அவளுடைய நீலப் புடவையையும், என் அலமாரியில் கோடே விழாமல் கிடந்த கைத்தறியையும் பக்கத்தில் வைத்து எது பூமிக்குப் பாரம் என்று கேட்டால், என்னுடையது என்றுதான் சொல்வேன். அவளிடம் பாணி இருக்கிறது. தன் நேரம், தண்ணீர், கூலி மூன்றையும் சரியாக அளந்து அவள் அதற்கு வந்திருக்கிறாள். எனக்கு நோட்டுப் போட்டு ஒரு வருடம் தேவைப்பட்ட கணக்கு அது.

இந்த நகரத்தின் பெயர்களைக் கூட்டிப் பார்த்தால் அது துணியால் ஆன ஊர் என்பது தெரியும். காட்டன்பேட்டை. பின்னிப்பேட்டை, 1884இல் தொடங்கிய ஆலை இன்று இல்லை, அந்த இடத்தில் அடுக்குமாடிகள் நிற்கின்றன, பெயர் மட்டும் மிச்சம். பசவனகுடிப் பக்கம் டாட்டா சில்க் ஃபார்ம்; பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஜாம்ஷெட்ஜி டாட்டா ஜப்பானிய முறையில் பட்டுப்புழு வளர்க்க ஏற்பாடு செய்த இடம். போக்குவரத்து நெரிசலுக்காகத் தினமும் வசவு வாங்கும் சில்க் போர்டு சந்திப்பில் மத்தியப் பட்டு வாரியத்தின் அலுவலகம் இருக்கிறது. இன்று அந்தச் சந்திப்பைக் கடந்து தெற்கே போகும் சாலையில்தான் உலகின் பெரிய கடைகளுக்கான சட்டைகள் தைக்கப்படுகின்றன. தைப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

2016 ஏப்ரல் 18, 19 தேதிகளில் அந்தச் சாலை நின்றுபோனது. வருங்கால வைப்பு நிதியில் முதலாளி செலுத்திய பங்கை 58 வயதுக்கு முன் எடுக்க முடியாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருந்தது. பல்லாயிரக்கணக்கான கார்மென்ட்ஸ் பெண்கள் எந்தத் தலைவரும் கூப்பிடாமல் தெருவில் இறங்கினார்கள். இரண்டாம் நாளே அரசு விதியைத் திரும்பப் பெற்றது. ஐம்பத்தெட்டு வயதுவரை அந்த மிஷினில் உட்கார முடியாது என்பது அவர்கள் முதுகுக்குத் தெரியும். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கும் சீட்டுக் கடனுக்கும் அந்தப் பணத்தை எடுக்க வருபவர்களை என் கவுன்டரில் வருடக்கணக்காகப் பார்த்தவள் நான். கோ-ஆப்டெக்ஸ் சில புடவைகளோடு நெய்தவரின் படமும் பெயரும் உள்ள அட்டையை வைத்துக் கொடுத்தது. என்னிடம் அப்படி ஓர் அட்டை இருக்கிறது. கமர்ஷியல் தெருவில் நான் வாங்கிய பதினைந்து மேல்சட்டைகளுக்கு அப்படி அட்டை போட வேண்டுமென்றால் ஒவ்வொன்றிலும் இருபது முப்பது முகங்கள் வேண்டியிருக்கும். அவ்வளவு பேர் தண்ணீர் குடிக்காமல் தைத்ததை மூன்று முறை போட்டுவிட்டு உள்ளே தள்ளியிருக்கிறேன். இதை எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

சாயத்தின் கதை தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாசனத்துக்கென்று 1992இல் நொய்யல் மேல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூரின் சாயக்கழிவு தேங்கியது. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளை மூடச் சொல்ல வேண்டி வந்தது. பெங்களூருவில் பெல்லந்தூர் ஏரி நுரை பொங்கிச் சாலைக்கு வந்தது சுத்திகரிக்காத கழிவுநீராலும் நம் வீட்டுச் சலவைத்தூளில் இருக்கும் பாஸ்பேட்டாலும். துணியை எடுக்கும்போது மட்டும் யோசித்தால் போதாது, துவைக்கும்போதும் யோசிக்க வேண்டும் என்பதை அந்த நுரைதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. ஒரு நாள் கட்டிய புடவையை இப்போது நிழலில் காற்றாட விட்டு இன்னொரு நாள் கட்டுகிறேன். 2024 கோடையில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வராத வாரங்களில் இந்தப் பழக்கம் கைகொடுத்தது.

இஸ்திரிக்காரர் சொன்ன பாக்குக் கலர் குர்த்தா ஜெயநகரில் ‘தேசி’ கடையில் எடுத்தது. சாகர் தாலுகாவில் ஹெக்கோடுக்குப் பக்கத்தில் பீமனகோணெ என்ற சிற்றூரில் ‘சரகா’ என்ற பெண்கள் கூட்டுறவுச் சங்கம் அதை நெய்கிறது. மலநாட்டில் பச்சைப் பாக்கை வேகவைத்த பின் மிஞ்சும் செந்நிறச் சாற்றைத்தான் அவர்கள் சாயமாக்குகிறார்கள். அதன் பின்னால் நிற்பவர் கன்னட நாடக இயக்குநர் பிரசன்னா. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது, கையால் செய்த பொருளுக்கு வரியே இருக்கக் கூடாது என்று பெங்களூருவில் உண்ணாவிரதம் இருந்தவர். அந்தப் பழுப்பு வாங்கிய நாளில் கொஞ்சம் கனமாக இருந்தது. ஒன்பது வருடத்தில் வெளுத்து வெளுத்து இப்போது தேநீரில் பால் கூடிய நிறத்துக்கு வந்திருக்கிறது. எனக்கு இந்த நிறம்தான் பிடிக்கிறது. கடையில் இந்த நிறம் கிடைக்காது. ஒன்பது வருடம் உடுத்தியவளுக்குத்தான் கிடைக்கும்.

அம்மா பாவாடை தைக்கக் கொடுக்கும்போது தையல்காரரிடம் சொல்லும் இரண்டு வாக்கியங்கள் இன்னும் காதில் இருக்கின்றன. “உள்ளே துணி விட்டுத் தைங்க. கீழே ரெண்டு டக் பிடிங்க.” ஒவ்வொரு வருடமும் ஒரு டக் பிரியும், மடிப்பு இருந்த இடத்தில் வெளுக்காத துணி ஒரு கோடாகத் தெரியும். பள்ளியில் எல்லாப் பெண்களின் பாவாடையிலும் அந்தக் கோடு இருந்தது. வளரப்போகும் உடம்புக்கு இடம் விட்டுத் தைத்தார்கள். இன்றைய ஆயத்த ஆடையைத் திருப்பிப் பாருங்கள்; ஓவர்லாக் அடித்த ஓரத்தில் கால் அங்குலம்கூட இருக்காது. ஒரு பிடி சதை கூடினால் அந்த உடை முடிந்தது. புடவைக்கு அந்தச் சிக்கலே இல்லை. ஐந்தரை மீட்டருக்கு அளவும் கிடையாது, வயதும் கிடையாது. ரவிக்கையை மட்டும் பிரித்துவிட்டால் போதும்.

கோடு விழாத நாற்பத்தெட்டையும் ஒரே நாளில் வாரிக் கொடுத்துவிடவில்லை. அப்படி வாரிக் கொடுத்தால் காலியான இடம் மறுபடி வாங்கச் சொல்லும் என்று பயந்தேன். உறவிலும் தெரிந்தவர்களிலும் யார் எதைக் கட்டுவார்கள் என்று யோசித்து ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். எட்டு மாதம் ஆனது. மெல்லிய பருத்திகள் சென்னையில் அக்கா மகளுக்குப் போயின. முன்பு பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர்கள் தெருவில் வருவார்கள். சரிகைப் புடவையென்றால் வெள்ளியை உருக்கி எடுக்கலாம் என்பதால் அதற்குத் தனி மதிப்பு. அம்மா ஒரு எவர்சில்வர் தூக்குக்காக அரை மணி நேரம் பேரம் பேசியதைப் பார்த்திருக்கிறேன். கிழிந்ததையும் வட கர்நாடகத்தில் வீணாக்குவதில்லை; பழைய புடவைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டுக் ‘கௌதி’ என்ற போர்வை செய்கிறார்கள். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாள் ராய்ச்சூர்க்காரர். கிழிந்த குர்த்தாக்களை வாங்கிப் போய் எனக்கே ஒரு கௌதி தைத்துக் கொடுத்தார். போர்த்திப் படுக்கும்போது விரலால் தடவினால் எது எந்த வருடத்துத் துணி என்று தெரிகிறது.

2024 மே மாதம் ஓய்வு பெற்றேன். கடைசி நாளன்று கட்டியது அந்தக் கண்டாங்கியைத்தான். வீட்டுக்கு வந்து ஊக்கை எடுத்தபோது இடது தோளில் துணி ஒரு சாண் நீளத்துக்கு விட்டுப்போனது. சிவாஜிநகரில் ரஃபு போடும் பெரியவரிடம் எடுத்துப் போனேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, பாவு நூலே இற்றுவிட்டது, ஊசிக்குப் பிடிமானம் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. தோள்பகுதியை வெட்டி எடுத்தால் மீதி நான்கு மீட்டர் நல்ல கெட்டித் துணி. அந்த ஆடியில்தான் தங்கை மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது.

சில வாரம் கழித்து இஸ்திரிக்காரர் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். “கட்டம் ரொம்ப நாளா வரலையேம்மா?”

“கிழிஞ்சிடுச்சு அண்ணே. தூளிக்குக் கொடுத்துட்டேன்.”

அவர் பெட்டியில் கரியைக் கிளறிக்கொண்டே கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “தூளிக்குன்னா கஞ்சி கொஞ்சம்கூட இருக்கக் கூடாதும்மா, பிள்ளைக்கு உறுத்தும். வெந்நீர்ல ரெண்டு தண்ணி அலசச் சொல்லுங்க. நான் போட்ட கஞ்சி அவ்வளவு சீக்கிரம் போகாது.”